மூக்கடைப்பும் நம் வீட்டு மருந்துப் பையும்

 

ஐப்பசி பிறந்து மேகமலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், நம் மயிலாடும்பாறையில் வீட்டுக்கு ஒருவராவது மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார். "வெறும் மூக்கடைப்புதானே" என்று நாமும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மெடிக்கலில் ஒரு சிரப்பும் ஒரு சொட்டு மருந்தும் வாங்கி வந்து காரியத்தை முடித்துவிடுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அஸருக்குப் பிறகு, மருத்துவ உதவி கேட்டு ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. கையில் இருந்த மஞ்சள் பையில் மூன்று சிரப் பாட்டில்கள், ஒரு சொட்டு மருந்து. ஒன்று மருத்துவர் எழுதியது. ஒன்று மூத்த பையனுக்கு வாங்கியதில் மீதி. மற்றொன்று பக்கத்து வீட்டார் கொடுத்தது. "எதக் குடுத்தாலும் மூக்கடப்பு போக மாட்டேங்குதுண்ணே. தேனிக்குக் கொண்டுபோயி பெரிய டாக்டர்ட்ட காட்டணும்" என்றார்.

லேபிள்களைப் படித்துப் பார்த்தோம். பாட்டிலின் மேல் பெயர்கள் வேறு. உள்ளே இருந்த மருந்துகள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. அறியாமலேயே அந்தத் தாய் ஒரே மருந்தை மூன்று மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றே பிள்ளையை அரசு மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். அவர் சிரப்புகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, உப்புநீர்ச் சொட்டு மட்டும் கொடுத்தனுப்பினார். ஐந்தாறு நாளில் பிள்ளை சரியாகிவிட்டது, அல்ஹம்து லில்லாஹ்.

அந்த மஞ்சள் பை நம்மில் பலருடைய வீட்டிலும் இருக்கிறது. அதனால்தான் இம்மாதப் பாடமாக மூக்கடைப்பை எடுத்துக்கொண்டோம்.

மூக்கு ஏன் அடைக்கிறது?

மூக்கு அடைத்தால் உள்ளே சளி கட்டி நிற்கிறது என்றே நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். மூக்கின் உட்சுவரில் பக்கத்துக்கு மூன்றாகச் சுருள் வடிவ மடிப்புகள் உள்ளன. அவற்றின் மேல்தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்த மென்தசை இருக்கிறது. நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புவது இந்த மடிப்புகளின் வேலை. அல்லாஹ்வின் படைப்பில் உள்ள அற்புதங்களில் இதுவும் ஒன்று.

சளிக்கிருமியோ தூசியோ உள்ளே நுழைந்ததும் இந்த ரத்தக் குழாய்கள் விரிந்து, மடிப்புகள் வீங்குகின்றன. காற்றுப் பாதை குறுகுகிறது. பெரும்பாலான நேரங்களில் மூக்கை அடைப்பது இந்த வீக்கமே. எவ்வளவு பலமாகச் சிந்தினாலும் ஒன்றும் வராமல் மூக்கு அடைத்தபடியே இருப்பது இதனால்தான். படுத்தால் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் அதிகமாகும். பகலில் ஓடியாடிய பிள்ளை இரவில் மூச்சுக்குத் திணறுவதும் அதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதும் இரு துவாரங்களும் எப்போதும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஒரு பக்கம் சற்றே அடைபடும். அது நோயல்ல.

சாதாரண சளி வைரஸ் கிருமியால் வருவது. 7 முதல் 10 நாளில் தானாகவே அடங்கிவிடும். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு முறை சளி பிடிப்பது இயல்பே. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும் தவறு.

சிரப்: 2025இல் கற்ற பாடம்

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, இருமல், காய்ச்சல் என்று சிரப் குடித்த குழந்தைகளுக்குத் திடீரெனச் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் செயலிழந்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்த மருந்தின் பெயர் கோல்ட்ரிப். தயாரானது வேறெங்கும் இல்லை. நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் நிறுவனத்தில்.

நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது, அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம் மட்டுமே. இது தொழிற்சாலைகளில் பயன்படும் ஓர் இனிப்பான திரவம். சிரப்பைக் கரைக்க உதவும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற பொருளோடு இது கலந்துவிட்டாலும், சோதிக்காமல் பயன்படுத்தினாலும் உயிரையே பறித்துவிடும். தமிழக அரசு அக்டோபர் 1 முதல் அந்த மருந்தின் விற்பனையை நிறுத்தியது. பின்னர் நிறுவனத்தின் உரிமமும் ரத்து செய்யப்பட்டது.

அந்தப் பெற்றோர் மீது எந்தத் தவறும் இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத்தான் பலரும் வாங்கிக் கொடுத்தார்கள். நச்சைக் கண்டுபிடிக்கும் வழி எந்தத் தாயிடமும் இல்லை. ஆனால் இதில் நம் கையில் இருக்கும் ஒரு பாடம் உண்டு. கோல்ட்ரிப் சிரப்பில் இருக்க வேண்டியவை பாரசிட்டமால், பினைல்எப்ரின், குளோர்பெனிரமின் என்ற மூன்று மருந்துகள். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, மூக்கு ஒழுகலுக்கு ஒன்று. நச்சே கலக்காமல் சரியாகத் தயாரித்திருந்தாலும், இந்தக் கூட்டு மருந்து சிறு குழந்தைக்கு அவசியமா?

இதற்கான பதில் 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. சிந்த்வாரா துயரத்துக்குப் பிறகு 2025 அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் மீண்டும் அறிவுறுத்தியது: 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

பெரியவர்கள் விழுங்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே பினைல்எப்ரின் உண்டு. வாய்வழியாக உட்கொள்ளும் பினைல்எப்ரின் மூக்கடைப்பைத் திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023இல் முடிவுக்கு வந்தது. அத்தகைய மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்க அந்நிர்வாகம் 2024 நவம்பரில் முன்மொழிந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சளி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாவார் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. "என் பிள்ளைக்கு இதுதான் கேட்டுச்சு, நீயும் குடு" என்று மீதி பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்குமுன் நாம் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சொட்டு மருந்தின் கணக்கு

மெடிக்கலில் "மூக்குச் சொட்டு" என்று கேட்டால் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் உப்புநீர். மற்றொன்று சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின் என்ற மருந்து. இரண்டாவது வகை, விரிந்த ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். விட்ட சில நிமிடங்களில் மூக்கு திறக்கும். சளி அதிகமாக இருக்கும் நாட்களில் பெரியவர்கள் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் விட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் தணிந்ததும் ரத்தக் குழாய் முன்னைவிட அதிகமாக வீங்கும். உடனே மறுபடியும் சொட்டு தேவைப்படும். மருந்தே நோயாகிவிடும்.

இதை எழுதும் நமக்கே அந்த அனுபவம் உண்டு. ஒரு மழைக்காலச் சளிக்கு வாங்கிய சொட்டு மருந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நம் ஜிப்பா பையை விட்டு இறங்கவில்லை. தராவீஹ் தொழுகைக்கு நிற்குமுன் ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை. சஜ்தாவில் தலை வைத்தால் மூக்கு இரண்டும் அடைத்துக்கொள்ளும். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர்தான் எடுத்துச் சொன்னார்: "உங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை. இந்தப் பாட்டில்தான் நோய்." அவர் சொன்னபடி முதலில் ஒரு துவாரத்துக்கு நிறுத்தி, அது சீரானபின் மற்றதற்கும் நிறுத்தினோம். கூடவே வேறொரு ஸ்பிரே கொடுத்தார். இரண்டு வாரம் சிரமப்பட்டோம். பிறகு இன்றுவரை அதைத் தொடவில்லை.

பெரியவர்களுக்கான சொட்டு மருந்தைக் கைக்குழந்தைக்கு விடவே கூடாது. அளவு சற்றுக் கூடினாலும் குழந்தை மயங்கி, மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. கடையில் வாங்கும்போது டப்பாவில் எழுதியிருப்பது உப்புநீரா, மருந்தா என்று கேட்டு, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நோன்பு வைத்திருக்கும்போது மூக்கில் மருந்து விடுவது நோன்பை முறிக்கும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஆகவே தேவையுள்ளவர்கள் ஸஹர் முடியுமுன்னும் நோன்பு திறந்த பின்னும் விட்டுக்கொள்ள வேண்டும். பகலில் தவிர்க்கவே முடியாத நிலை என்றால் நம் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வீட்டு வைத்தியத்தில் கவனம்

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சற்று இதமாக இருக்கும்; சளி நாட்களைக் குறைக்காது. சிறு பிள்ளைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடையிலும் வயிற்றிலும் வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து குழந்தையின் கழுத்தில் கட்டும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். குழந்தை அதை வாயில் வைத்துச் சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவ வேண்டாம். எந்த வயதிலும் மூக்குக்குள் தடவ வேண்டாம். மென்தால் மூக்கில் குளிர்ச்சி உணர்வைத் தருகிறதே தவிர வீக்கத்தைக் குறைப்பதில்லை.

குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதிச் சளி எடுப்பதும் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. நல்லெண்ணெயோ, கருஞ்சீரக எண்ணெயோ, எதுவானாலும் மூக்கு வழியே நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாம்பிராணிப் புகையும் மூக்கின் வீக்கத்தைக் கூட்டும். தேன் இருமலுக்கு நல்லது. ஆனால் 1 வயது நிறையாத குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

உப்புநீரும் ஒளுவும்

அப்படியானால் என்னதான் செய்வது? குழந்தையோ பெரியவரோ, முதல் மருந்து உப்புநீர்தான். அது சளியை இளக்கும்; தூசியைக் கழுவும்; பழக்கமாகிவிடும் என்ற பயமும் இல்லை.

கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாமல் அழுவார்கள். மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு வாங்கி, பால் கொடுப்பதற்குச் சற்று முன் துவாரத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டு, வெளியே வரும் சளியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் போதும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள்.

பெரியவர்கள் வீட்டிலேயே தயாரிக்கலாம். தண்ணீரைக் குமிழ்விட்டுக் கொதிக்க வைத்து, மேலும் ஒரு நிமிடம் கொதித்தபின் ஆறவிடுங்கள். 200 மில்லி நீருக்குக் கால் டீஸ்பூனுக்குச் சற்றே கூடுதலாக உப்புப் போட்டுக் கரையுங்கள். சுத்தமான சிரிஞ்சிலோ அதற்கென விற்கும் பாட்டிலிலோ எடுத்து, தலையைக் குனிந்து சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மெதுவாகச் செலுத்துங்கள். அன்றன்று தயாரித்ததை அன்றே கொட்டிவிட வேண்டும்.

தூக்கத்திலிருந்து எழுந்து ஒளு செய்யும்போது மூன்று முறை மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். ஒளுவில் மூக்குக்கு நீர் செலுத்துவது சுன்னத். கடமையான குளிப்பில் அதுவே ஃபர்ளு. மூக்கைத் தூய்மையாக வைப்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. அதை அவசரமாக முடிக்காமல், மூக்கின் மென்மையான பகுதி வரை நீரைச் செலுத்தி, இடது கையால் நிதானமாகச் சிந்திச் சுத்தம் செய்தால், மூக்கில் படியும் தூசி நாளுக்கு ஐந்து வேளை வெளியேறும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் பலர் பாதிக்கப்பட்டார்கள். அந்தக் கிருமி குடிப்பதால் தாக்குவதில்லை. தேங்கிய, வெதுவெதுப்பான நன்னீர் மூக்கின் ஆழத்துக்கு ஏறும்போதுதான் தாக்குகிறது. மிக அரிதான நோய் இது. ஒளுவுக்கு அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் மூக்கைக் கழுவும் உப்புநீரைக் கொதிக்க வைக்காத தண்ணீரில் தயாரிக்காதீர்கள். கோடையில் நீரோட்டம் நின்ற மூல வைகைக் குட்டைகளில் பிள்ளைகளைத் தலை முங்கிக் குளிக்க விடாதீர்கள். பள்ளிவாசல் ஹவ்ளையும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையும் தேய்த்துக் கழுவி, குளோரின் இட்டு வைப்பது நம் எல்லோருடைய பொறுப்பு.

மாதக் கணக்கில் விடாத மூக்கடைப்பு

காய்ச்சல் இல்லை, ஆனால் காலையில் எழுந்ததும் தொடர்ந்து தும்மல், மூக்கு அரிப்பு, கண் அரிப்பு, அடைப்பு. இது சளி அல்ல, ஒவ்வாமை. நம் கடமலை-மயிலை ஒன்றியத்தில் இலவங்காய் உடைத்துப் பஞ்சு பிரிக்கும் வேலைக்குப் போகும் சகோதரிகள் பலருக்கும் இந்தத் தொல்லை உண்டு. மூக்கையும் வாயையும் மூடும்படி முகக்கவசம் அல்லது ஈரத் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். வீடு திரும்பியதும் உடை மாற்றி, மூக்கைக் கழுவிவிட்டுப் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

பல ஆண்டுகள் பழகிய பஞ்சுத் தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் பெருகும். உறைகளை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள். ஒவ்வாமைக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைப் பெயரைக் கேட்டதும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது மேலே சொன்ன சொட்டு மருந்து போன்றதல்ல. தினமும் அடித்தால்தான் பலன் தரும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

வாயைத் திறந்தே தூங்கும், தினமும் குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். வகுப்பில் தூங்கி வழிவதைச் சோம்பல் என்று அடிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளுக்கு உடல் மாற்றத்தாலேயே மூக்கடைப்பு வருவதுண்டு. அவர்களுக்கு உப்புநீர் போதும். மாத்திரை மருத்துவரைக் கேட்டே போட வேண்டும்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

பொறுமையாக இருங்கள் என்று சொல்வதால், எல்லாவற்றுக்கும் பொறுத்திருங்கள் என்று பொருளல்ல. கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

- குழந்தை பால் குடிக்க முடியாமல் போவது, துவண்டு கிடப்பது, உதடு நீலம் பாய்வது, மூச்சு விடும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்குவது.
- அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிப் பார்க்க, மூச்சு 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பது.
- மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல். 10 நாளாகியும் சளி குறையாதது. குறைந்து மீண்டும் கடுமையாவது. கண்ணைச் சுற்றி வீக்கம்.
- பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றச் சளி. புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே போயிருக்கலாம். பட்டன் பேட்டரி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.
- எந்த மருந்து கொடுத்த பிறகும் சிறுநீர் குறைவது, ஓயாத வாந்தி, விடாத தூக்கம். கொடுத்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.
- பெரியவருக்கு ஒரு பக்கம் மட்டும் நிரந்தர அடைப்பு, அத்துடன் ரத்தம் கசிவது.

முதலில் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம், தேவைப்பட்டால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவசரத்துக்கு 108. ஆலோசனை கேட்க 104. வண்டிச் செலவுக்கு வழியில்லை என்று எந்தக் குடும்பமும் வீட்டில் தங்கிவிட வேண்டாம். அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள். முடிந்ததைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

குடும்பத்தோடு அமர்ந்து கேட்டுப் பார்க்க

1. மூக்கை அடைப்பது சளி மட்டும்தானா? வேறு என்ன?
2. சளி சிரப் எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கூடாது?
3. சொட்டு மருந்தை எத்தனை நாளுக்கு மேல் விடக் கூடாது? ஏன்?
4. மூக்கைக் கழுவும் தண்ணீரை ஏன் கொதிக்க வைக்க வேண்டும்?
5. நம் வீட்டு மருந்துப் பையில் இப்போது என்னென்ன இருக்கிறது?

ஐந்தாவது கேள்விக்கான பதிலை இன்று மக்ரிபுக்குப் பிறகு தேடுங்கள். பழைய பாட்டில்கள், பெயர் அழிந்தவை, தேதி முடிந்தவை, பிறர் கொடுத்தவை அனைத்தையும் அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். அவர்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் முன், "இது தேவையா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தையும், நோயில் பொறுமையையும், தெளிந்த அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.